பானைக்குள் ஒரு காகிதக் கூம்பு

திண்டுக்கல்லில் நான் வேலை பழகிய ரேடியோக் கடையில் இரண்டு பானைகள் இருந்தன. ஒன்று தண்ணீர்ப் பானை, இன்னொன்று பாடும் பானை. பாடும் பானையின் வாயில் ஆறு அங்குல ஸ்பீக்கர் ஒன்று முகம் மேலே பார்க்க உட்கார்ந்திருக்கும். காற்று ஒழுகாதிருக்கப் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி இடையில் கொடுத்திருந்தார்கள். பானை உருளாமலிருக்கக் கீழே வைக்கோல் பிரிமணை. கழுத்தில் போட்ட ஓட்டை வழியே வயர் வெளியே வந்து ரேடியோவின் முதுகுக்குப் போகும். 1974-ஆம் வருஷம், எனக்குப் பதினாறு வயது. காலையில் கடையைத் திறந்ததும் இலங்கை வானொலியைப் பிடித்துப் பானைக்கு விட்டால் தபேலாவின் இடக்கை அடி கும்மென்று எழும். தெருவில் போகிறவர் ஒரு நொடி நின்று, எங்கே பெரிய பெட்டி என்று தேடிவிட்டுப் போவார்.

அந்தக் காலத்தில் சலூன், டீக்கடை, சைக்கிள் கடை என்று பல இடத்தில் இந்தப் பானை உண்டு. சிலர் ஸ்பீக்கரைக் குப்புறக் கவிழ்த்துப் பானைக்குள் பார்க்க வைப்பார்கள். அது எங்கள் கடை அண்ணனுக்குப் பிடிக்காது. "ஆளைக் கிணத்துக்குள்ள தள்ளிட்டுப் பாடச் சொல்ற மாதிரிடா" என்பார். இந்த ஏற்பாட்டை முதலில் யார் செய்தார் என்று நான் கேட்டதற்கு, "யாராச்சும் பானைக்காரன் வீட்டுப் பையனா இருக்கும்" என்றார். அவருக்கு வரலாற்றில் அவ்வளவுதான் அக்கறை.

எனக்கு அந்தக் கேள்வி போகவில்லை. டெலிபோன் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றபின், வராந்தாவில் மரப்பெட்டி செய்து அதில் ஸ்பீக்கர் பூட்டுவதே என் பொழுதாகிவிட்டது. பூட்டுவது எல்லாம் ஒற்றை ஸ்பீக்கர்தான். ஊஃபர், ட்வீட்டர் என்று பிரிக்காமல், கீழ் சுரம் முதல் மேல் சுரம் வரை ஒரே கூம்பு பாடுகிற வகை. இன்றைக்கு அதை ஃபுல்ரேஞ்ச் என்கிறார்கள். எங்கள் கடையில் அதற்குப் பெயரே கிடையாது. ஸ்பீக்கர் என்றாலே அதுதான்.

அதன் பிறப்பு 1925. அதற்கு முன் வீட்டில் ரேடியோ கேட்டவர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள், அல்லது கிராமபோன் புனல் மாதிரி ஒரு குழாயின் வாயருகே உட்கார்ந்தார்கள். காந்தத்தின் நடுவே சுருள் கம்பி அசைந்து ஒலி எழுப்பும் யோசனை பழையதுதான். ஜென்சன், பிரிதம் என்ற இருவர் கலிபோர்னியாவில் 1915-லேயே அதைப் புனலோடு பூட்டிப் பேச வைத்துவிட்டார்கள். புனலைக் கழற்றி எறிந்தவர்கள் செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெல்லாக்கும். ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். பல மாதிரிகளைச் செய்து பார்த்துக் கடைசியில் ஒரு காகிதக் கூம்பில் வந்து நின்றார்கள். அதன் விளிம்பை இறுக்கிக் கட்டாமல் தளர்வாகத் தொங்கவிட்டார்கள். இறுக்கிக் கட்டிய கூம்பு தன் சொந்தச் சுரத்தில் மட்டும் ஓங்கி ஒலிக்கும், தவில் தோல் மாதிரி. தளர்த்திவிட்டால் அந்தச் சொந்தச் சுரம் பாட்டுக்குக் கீழே எங்கேயோ இறங்கிவிடும். அதற்கு மேலே உள்ள சுரங்கள் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். நூறு வருஷமாக உலகத்தில் செய்த ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை அந்தத் தளர்ந்த காகிதத்தின் பிள்ளைகள்தாம். ரைஸும் கெல்லாக்கும் செய்த அந்த ஸ்பீக்கரை ஆர்.சி.ஏ. கம்பெனி ரேடியோலா 104 என்ற பெயரில் விற்றது.

அந்த முதல் தலைமுறையில் நிரந்தரக் காந்தம் கிடையாது. போதிய வலுவுள்ள காந்தம் மலிவாகக் கிடைக்கவில்லை. அதனால் இரும்பைச் சுற்றிப் பெரிய கம்பிச்சுருள் போட்டு, மின்சாரம் விட்டுக் காந்தமாக்கினார்கள். அதே சுருளை ரேடியோவின் மின் வழங்கியில் இரைச்சலை வடிகட்டும் சோக்காகவும் பயன்படுத்திக்கொண்டது நல்ல கெட்டிக்காரத்தனம். கெட்டிக்காரத்தனம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒரு மிராசுதார் வீட்டு வால்வு ரேடியோவைத் திறந்து, ஸ்பீக்கர் வயர்தானே என்று அந்தச் சுருளின் முனையைத் தொட்டேன். இருநூற்றுச் சொச்சம் வோல்ட் என்னைப் பெஞ்சிலிருந்து கீழே உட்கார வைத்தது. அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

நிரந்தரக் காந்தத்தின் கதையில் ஒரு ஜப்பானியர் வருகிறார். தோக்கியோவில் மிஷிமா தொகுஷிச்சி என்பவர் 1931-ல் இரும்போடு நிக்கலும் அலுமினியமும் சேர்த்து எம்.கே. எஃகு செய்தார். அதன் வழியில்தான் கோபால்ட்டும் சேர்ந்த அல்னிகோ வந்தது. அல்னிகோ வந்தபின் ஸ்பீக்கர் தனிப் பொருளாகிவிட்டது. ரேடியோவின் வயிற்றோடு கம்பிகளால் கட்டிப்போடாமல், காகிதப் பெட்டியில் சுற்றிக் கடையில் விற்கலாம், வாங்கியவன் எதில் வேண்டுமானாலும் பூட்டலாம். வீட்டில் ஸ்பீக்கர் செய்கிறவன் என்று ஒரு ஜாதி பெருகியதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

இங்கே பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பானை புரியாது. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்னால் எழும் அழுத்தம் விளிம்பைச் சுற்றிப் பின்னால் ஓடி அங்குள்ள பள்ளத்தை நிரப்பிவிடும். மேல் சுரத்தின் அலை குட்டையானது, சுற்றிவர நேரமில்லை. கீழ் சுரத்தின் அலை மீட்டர் கணக்கில் நீளம், சாவகாசமாகச் சுற்றிவந்து தன்னையே அழித்துக்கொள்ளும். ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்துப் பாடவிட்டால் கீச்சென்று கேட்பது இதனால்தான். முன்னையும் பின்னையும் பிரிக்க ஒரு சுவர் வேண்டும். அது பலகையாக இருக்கலாம், பெட்டியாக இருக்கலாம், வீட்டுச் சுவரில் போட்ட ஓட்டையாகக்கூட இருக்கலாம். கம்பெனிக்காரன் செய்கிற ஸ்பீக்கர் பாதிப் பொருள்தான், மீதிப் பாதி வாங்கியவன் கையில் இருக்கிறது. இதை நன்றாக உணர்ந்து வியாபாரம் செய்தவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள்.

பால் வோய்ட் அவர்களில் மூத்தவர். 1901-ல் லண்டனில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். எடிசன் பெல் என்ற ரெக்கார்டு கம்பெனியில் இருந்தார். அது 1933-ல் மூழ்கவும் சிடனம் பகுதியில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அவர் கூம்பை மிக இலேசாகவும் காந்தத்தை மிகப் பெரிதாகவும் செய்து, அதைப் புனல் வடிவப் பெட்டியோடு அறையின் மூலையில் நிறுத்தினார். மூலையின் இரண்டு சுவரும் தரையும் புனலின் நீட்சியாகிவிடும். வீட்டையே கருவியின் பாகமாகக் கணக்கில் எடுத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர். பெரிய கூம்பு மேல் சுரத்துக்குத் தடுமாறுகிறது என்று, அதன் நடுவில் சின்னக் கூம்பு ஒன்றைக் காயிலோடு, அதாவது அசையும் சுருளோடு, நேரே ஒட்டியதும் அவர்தான். கீழ் சுரத்தில் இரண்டும் சேர்ந்து அசையும். சுரம் ஏற ஏறப் பெரியது பின்தங்கிவிட, சின்னது தனியாகப் பாடும். எங்கள் கடையில் பிலிப்ஸ் ஸ்பீக்கர்களில் அதைப் பார்த்து ரெட்டைக் கோன் என்போம். 1950-ல் வோய்ட் கனடாவுக்குப் போய்விட்டார். அவரது வேலையை லோதர் என்ற கம்பெனி கெண்ட் பக்கம் தொடர்ந்தது. லோதர் ஸ்பீக்கருக்காகச் சொத்தை எழுதிவைக்கத் தயாராக இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எனக்கு வோய்ட்டைவிட கில்பர்ட் பிரிக்ஸைப் பிடிக்கும். அவர் இன்ஜினியர் இல்லை, யார்க்‌ஷயரில் ஜவுளி வியாபாரி. பொருளாதார மந்தத்தில் ஜவுளி படுத்துவிட, 1932-ல் இல்க்லி ஊரில் தன் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்ய உட்கார்ந்தார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஊர் இருந்த பள்ளத்தாக்கின் பெயரையே கம்பெனிக்கு வைத்தார். அதுதான் வார்ஃப்டேல். பின்னாளில் அவருடைய எட்டு அங்குல ஸ்பீக்கரின் பெயரோடு சி.எஸ். என்று இரண்டெழுத்து இருக்கும். கூம்பின் விளிம்பு துணியால் ஆனது என்று அர்த்தம். ஜவுளிக்காரர் ஜவுளியை விடவில்லை!

1948-ல் அவர் ஒலிபெருக்கிகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதித் தானே வெளியிட்டார். தொடர்ந்து இன்னும் பல வந்தன. கணக்கைப் போட்டு மிரட்டாமல், பலகை எவ்வளவு தடிமன், ஓட்டை எவ்வளவு பெரியது, பலகை அதிராமலிருக்க இரண்டு ஒட்டுப்பலகைக்கு நடுவே மணலை எப்படிக் கொட்டுவது என்று சொல்லிக்கொண்டு போகிற எழுத்து. மூலையில் செங்கல் வைத்துக் கட்டி ஸ்பீக்கர் பூட்டவும் வழி சொன்னார். கொத்தனார் வேலை தெரிந்தவனுக்கும் அந்தத் தொழிலில் இடம் கொடுத்த மனுஷன். 1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலை வாடகைக்குப் பிடித்து, மேடையில் கலைஞர்கள் வாசிப்பதையும் ரெக்கார்டையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். மண்டபம் நிரம்பியது.

இந்த இடத்தில் யாராவது கேட்கலாம்: சினிமா தியேட்டர்களில் அப்போதே கீழ் சுரத்துக்கு ஒன்று, மேல் சுரத்துக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார்களே? ஆமாம். எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் 1936-ல் ஷீரர் ஹார்ன் வந்ததும் தியேட்டர் வழி தனியாகப் போய்விட்டது. ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும், ஒரு காகிதத்தால் ஆகாது. வீட்டுக்கு அந்த அவசியம் வரவில்லை. மத்திய அலை ரேடியோவில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 10 கிலோஹெர்ட்ஸ். அதற்குள் அடங்க வேண்டிய பாட்டில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் வராது. சிற்றலையில் வந்த இலங்கை வானொலியில் அதுகூடச் சந்தேகம். அனுப்பாத சுரத்தைப் பாட எதற்கு ட்வீட்டர்? மேல் சுரம் வேண்டும் என்ற ஏக்கம் 1948-ல் எல்.பி. ரெக்கார்டோடு மேல்நாட்டுக்கு வந்தது. எங்கள் பக்கத்துக்கு மெதுவாக வந்தது. சென்னையில் அகில இந்திய வானொலி பண்பலை தொடங்கியதே 1977-ல்தான்.

மேல்நாட்டில் ஒற்றை ஸ்பீக்கரின் செல்வாக்கு 1950களில் சரிந்தது. 1954-ல் வந்த ஏ.ஆர்.-1 பெட்டி, இறுக மூடிய சின்னப் பெட்டிக்குள்ளிருந்தே கனமான கீழ் சுரத்தை எடுத்துக் காட்டியது. அதற்கு விலை, வாட். பழைய பெட்டிகள் இரண்டு மூன்று வாட்டில் வீடு நிரம்பப் பாடின, இதற்குப் பல மடங்கு ஊட்ட வேண்டும். பெரிய ஆம்ப்ளிஃபையர்கள் மலியவே அந்த விலை யாருக்கும் உறைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ஏ.ஆர்.-1-க்குள் மேல் சுரம் பாட வைத்திருந்தது ஆல்டெக் 755ஏ. அது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் ஒற்றையாகப் பாடுவதற்கென்றே செய்த எட்டு அங்குல ஸ்பீக்கரின் வாரிசு. தனிக்கச்சேரி செய்துகொண்டிருந்த பாடகரைப் பின்பாட்டுக்கு உட்கார வைத்த மாதிரி.

ஜப்பானில் கதை வேறு மாதிரி போனது. போர் முடிந்தபின் அங்கே கம்பெனி செய்து விற்கும் ரேடியோவுக்கு வரி அதிகம். பாகங்களை வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் கணிசமாக மிச்சம். தோக்கியோவில் கண்டா பகுதித் தெருவோரங்களில் ராணுவக் கழிவு வால்வுகளையும் கம்பிச் சுருள்களையும் பரப்பி வைத்து விற்றார்கள். 1949-ல் தெருக்கடைகளை அகற்றச் சொல்லி ஆக்கிரமிப்புப் படைத் தலைமையகம் உத்தரவு போட, அந்த வியாபாரிகள் அகிஹபரா ரயில் பாலத்துக்கு அடியில் போய் ஒண்டினார்கள். அகிஹபரா எலெக்ட்ரானிக்ஸ் சந்தையானது அப்படித்தான். சென்னையில் எங்கள் ரிச்சி தெருவில் ஒரு முறம் அகலக் கடையில் ஆயிரம் டப்பாவை அடுக்கி வைத்து, கேட்ட பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கும் ஆளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாலத்தடி எனக்கு ஞாபகம் வரும், நான் பார்த்ததே இல்லை என்றாலும்.

ரேடியோவைத் தானே பூட்டியவன் ஸ்பீக்கர் பெட்டியையும் தானே செய்தான். மிட்சுபிஷி கம்பெனி ஜப்பான் ஒலிபரப்புக் கழகமான என்.எச்.கே.யோடு சேர்ந்து டயடோன் என்ற பெயரில் ஸ்பீக்கர் செய்தது. அதில் 1958-ல் வந்த பி-610, பதினாறு சென்டிமீட்டர் ஒற்றைக் கூம்பு. அதாவது ஆறரை அங்குலம். ஜப்பானியர்கள் இந்த அளவுக்கே ரொக்குஹன், ஆறரை, என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். நம்மூரில் எட்டு முழம் என்றாலே வேட்டி என்கிற மாதிரி. ஒலிபரப்பு நிலையத்தில் கேட்கும் அதே ஸ்பீக்கர் வீட்டுப் பெட்டியிலும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஏறக்குறைய நாற்பது வருஷம் அதைச் செய்தார்கள்.

அடுத்தது 1964-ல் ஃபாஸ்டர் கம்பெனி போட்ட எஃப்.இ.103. பத்து சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். இந்த ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். என் அக்கா மகன் ஒசாகாவில் வேலை பார்த்தபோது ஒரு ஜோடி கொண்டுவந்தான், பிற்காலத்து வாரிசு ரகம். எடுத்தவுடன் காந்தத்தின் கனம் கையை இழுத்தது. கூம்பின் மேல் சுண்டு விரலை வைத்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி. கூம்பும் காயிலும் சேர்ந்து அசையும் எடை சுமார் 2.5 கிராம். கட்டைவிரல் இரண்டாலும் மெல்ல அழுத்தி விட்டேன், உரசல் இல்லை. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டேன். டப் என்று முன்னே வந்து நின்றது. கூட்டல் முனை சரி. ஐம்பது வருஷத்துக்கு முன் அண்ணன் சொல்லிக் கொடுத்த சோதனை இது, இன்னும் மாறவில்லை.

அந்த உரசல் சோதனைக்கு நான் ஏன் அவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்றால், கடையில் என் முதல் தனி வேலையே கோன் மாற்றுவதுதான். காந்தத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையில் காயில் போகும் சந்து ஒரு மில்லிமீட்டர் சுமார்தான். பழைய எக்ஸ்ரே பிலிமைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, காயிலுக்கும் கம்பத்துக்கும் நடுவே நான்கு பக்கமும் செருகி, காயிலை நட்ட நடுவில் நிறுத்தி, காயிலைத் தாங்கும் ஸ்பைடரையும் விளிம்பையும் பசை போட்டு ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் கீற்றுகளை உருவி அழுத்திப் பார்க்கும்போது சரக்கென்று ஒரு சத்தம் வந்தால் போச்சு. எனக்கு முதல் மூன்றும் சரக். நாலாவது பாடியது. யாருடைய நெஞ்சு எலும்போ தெரியாது, அந்த எக்ஸ்ரே கீற்றில் ஒரு விலா எலும்பின் நிழல் இருந்தது.

பத்து சென்டிமீட்டர் கூம்பிடம் ஒரு கஷ்டம் உண்டு. ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே சத்தம் எழுப்ப வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். சின்னக் கூம்பால் அவ்வளவு அசைய முடியாது. அதன் முதுகுப் பக்கத்துச் சத்தத்தை வீணாக்காமல் நீண்ட புனல் வழியே விரித்து வெளியே விட்டால் கீழ் சுரம் கூடும். ஆனால் மூன்று மீட்டர் புனலை வீட்டில் எங்கே வைப்பது? மடிக்க வேண்டும். வளைவான புனலை மரத்தில் மடித்துச் செய்ய நல்ல தச்சனே திணறுவான்.

இதற்கு வழி சொன்னவர் நாகவோகா தெத்சுவோ. 1926-ல் பிறந்தவர், 2000-ல் இறந்தார். முதலில் நகைச்சுவைத் துணுக்கு எழுதிக்கொண்டிருந்தவர், பிறகு ஒலி பற்றிய பத்திரிகைகளில் எழுத வந்தார். புனலின் அகலத்தை மாற்றவே வேண்டாம், உயரத்தை மட்டும் படிப்படியாகக் கூட்டினால் போதும் என்று வரைந்தார். அப்போது எல்லாப் பலகையும் ஒரே அகலம், எல்லா வெட்டும் நேர் வெட்டு. ஜப்பானில் ஒட்டுப்பலகை 910-க்கு 1820 மில்லிமீட்டர் அளவில் வரும். அதில் எந்தத் துண்டு எங்கே என்று, கழிவு மிஞ்சாமல் வெட்டுப்படம் போட்டுப் பத்திரிகையில் கொடுத்துவிடுவார். வாசகன் பலகைக் கடையில் படத்தை நீட்டினால் ரம்பத்தில் வெட்டிக் கொடுப்பார்கள். வீட்டில் பசையும் ஆணியும் போதும். சட்டைத் துணியில் தையற்காரர் சாக்குக்கட்டியால் கோடு போடும் சாமர்த்தியம் அது. அவருடைய டி-101 என்ற பெட்டிக்கு அன்னம் என்று பெயர். கீழே அகன்ற உடம்பு, மேலே நீண்ட கழுத்து, உச்சியில் பத்து சென்டிமீட்டர் கூம்பு மட்டும் உட்காரும் சின்னத் தலை. சத்தம் எழும் முகம் சின்னதாக இருந்தால் பாடகர் பெட்டியில் அடைபடாமல் வெளியே நிற்பார் என்பது கணக்கு.

அந்த மாதிரி ஒன்றைச் செய்ய நானும் இறங்கினேன். நம்மூர்ப் பலகை எட்டுக்கு நான்கு அடி. வெட்டுப்படத்தை மாற்றிப் போட எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஆசாரி படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "சார், இது என்ன, கோழிக் கூண்டா? உள்ள இவ்வளவு தடுப்பு எதுக்கு?" என்றார். விளக்கினேன். "சத்தம் நேரா வரப் போகுது, அதைச் சந்து சந்தா சுத்தவிட்டு வாங்கணுமாக்கும்" என்றபடி அறுக்கத் தொடங்கினார். பெட்டி முடிந்து மதுரை மணி ஐயர் பாடியபோது அவரும் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மச்சானை அழைத்துக்கொண்டு வந்து மறுபடி போடச் சொன்னார்.

பக்தர்கள் சொல்வது மாதிரி இதில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டாகப் பிரிக்கிற பெட்டிகளில் பெரும்பாலும் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒட்டுப்போடுவார்கள். நம் காது மிகக் கூர்மையாக இருக்கிற இடமும் அதையொட்டித்தான். ஒற்றைக் கூம்பில் அந்த இடத்தில் ஒட்டு இல்லை, குரல் ஒரே ஆளின் குரலாக வருகிறது. இது உண்மை. ஆனால் நாதஸ்வரம் உச்ச ஸ்தாயிக்குப் போனால் சில ஸ்பீக்கர்கள் கத்தும். நேர் எதிரே உட்கார்ந்தால்தான் மேல் சுரம் கிடைக்கும், இரண்டடி தள்ளி உட்கார்ந்த என் மனைவிக்குப் போர்வை போட்ட மாதிரிதான் கேட்கும். அவள் அதை ஒருமுறைதான் சொன்னாள், நாற்காலியை மாற்றிக்கொண்டாள். மேடை நிறைய வாத்தியம் என்றால் பத்து சென்டிமீட்டர் காகிதம் குழம்பிவிடும். தம்பூரா, வயலின், ஒரு குரல், ஒரு மிருதங்கம், இதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது.

ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. ஒரு பெரிய ஊர்க் கடையில் பெயர்பெற்ற கம்பெனியின் ஸ்பீக்கர் என்று ஒரு ஜோடி வாங்கினேன். வீட்டில் காந்தத்தின் பின்னால் ஒட்டியிருந்த சீட்டு நகத்துக்கே உரிந்து வந்தது. அடியில் வேறொரு சீட்டு, அதற்கும் அடியில் பசைத் தடம். கடைக்காரர், "சீட்டைப் பாத்தா வாங்குறீங்க, சத்தத்தைக் கேளுங்க சார்" என்றார். கேட்டேன். அந்தக் காலத்துப் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி இருந்தது.

1970களின் கடைசியில் ஜாயிர் நாட்டுக் கலவரத்தால் கோபால்ட் விலை எகிறி, அல்னிகோவை விட்டு எல்லாரும் ஃபெரைட் காந்தத்துக்கு மாறினார்கள். அதே பத்தாண்டில் ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்டு ஸ்மாலும் போட்ட கணக்குகள் உலகம் முழுக்கப் பரவின. ஸ்பீக்கரின் சில எண்களைக் கொடுத்தால் பெட்டி எத்தனை லிட்டர் என்று அவை சொல்லிவிடும். இன்று அதைச் செல்போனே போட்டுக் கொடுக்கிறது. நான் அந்தக் கணக்கில் ஒருநாள் எங்கள் கடைப் பானையைப் போட்டுப் பார்த்தேன். பதினைந்து லிட்டர் சுமார், மூடிய அறை. அந்த ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் சின்னது, அதனால் நூற்றைம்பது ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு. தபேலாவின் அந்தக் கும் வேறெங்கிருந்தும் வரவில்லை.

பானையின் வடிவம்தான் என்னை அசத்தியது. ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் ஹாரி ஓல்சன் 1951-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே ஸ்பீக்கரைப் பன்னிரண்டு வடிவங்களில் பூட்டி அளந்திருந்தார்: கனசதுரம், உருளை, கூம்பு, பட்டைக்கூம்பு, கோளம் என்று. பெட்டியின் கூரான விளிம்புகளில் ஒலி மோதிச் சிதறி, மேடும் பள்ளமுமாகிவிடுகிறது. எல்லாவற்றிலும் வழவழப்பாகப் பாடியது கோளம். அதாவது விளிம்பே இல்லாத உருண்டை. 1970களில் இங்கிலாந்தில் ஜோர்டன் வாட்ஸ் கம்பெனி தன் நான்கு அங்குல உலோகக் கூம்பைச் சுட்ட மண்ணாலான ஒரு ஜாடிக்குள் பூட்டி விற்றது. நல்ல விலை. சூளையில் சுட்ட ஜாடிதான், பளபளப்புப் பூச்சு போட்டிருந்தார்கள்.

போன வருஷம் தை முடிந்து எஃப்.இ.103 ஜோடிக்கு நானும் மண்ணுக்கே போனேன். மானாமதுரை சட்டிபானைக்குப் பேர்போன ஊர், அங்கே ஒரு வேளார் வீட்டில் சொல்லி, பக்கவாட்டில் ஒன்பதரை சென்டிமீட்டர் வட்டமாக ஓட்டை விட்டு, பச்சை மண்ணிலேயே அறுத்துச் சுட்டு வாங்கினேன். முதல் பானை சூளையில் வெடித்தது. அடுத்ததில் ஓட்டை சுருங்கிவிட்டது, மண் காயும்போது சுருங்கும் என்ற கணக்கை நான் விட்டிருந்தேன், வேளார் முதலிலேயே சொல்லியிருந்தார். பெரிதாக அறுத்து மறுபடி சுட்டோம். வாயை மரத்தட்டு வைத்து அடைத்து, உள்ளே இலவம்பஞ்சைத் தளரப் பிரித்துப் போட்டேன். பஞ்சு அதிகமானால் ஆள் மூக்கடைத்துப் பேசுகிறார், குறைந்தால் பானை பேசுகிறது. இரண்டு பிடி குறைத்து, ஒரு பிடி சேர்த்து, அப்படியே நான்கு நாள் போனது.

ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டுமே. இரண்டையும் விரலால் சுண்டிப் பார்த்தேன். ஒன்று ரி என்றது, மற்றது அதற்குச் சற்றுக் கீழே. சரியாக ஒரே மாதிரி இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டேன். வேளார் இரண்டையும் தூக்கிச் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"அண்ணே, கைல பிடிச்சது. ரெண்டும் ஒண்ணா இருக்க அது என்ன அச்சுல வார்த்த சிமென்டுத் தொட்டியா?"

ரி என்றதை இடப்பக்கம் வைத்திருக்கிறேன்.